ஆர்மோனியத்தை விட்டு இறங்கியாச்சு, இப்ப நான் யாரு?

கருப்பட்டிக்காப்பி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தடவை. கேள்வி கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

எனக்கு 43 வயசு. அப்பா குருவானவர். எங்க பக்கத்துல குருவானவரை 'ஐயர்'னுதான் சொல்லுவாங்க, வெளியூர்க்காரங்க குழம்ப வேண்டாம். சில வருஷத்துக்கு ஒரு தடவை சேகரம் (ஒரு ஐயர் பொறுப்புல இருக்கிற சபைங்க) மாத்திடுவாங்க. பத்தாவது முடிக்கிறதுக்குள்ள நாலு பள்ளிக்கூடம், நாலு குருமனை. எந்த ஊருக்குப் போனாலும் எனக்குப் பேர் ஒண்ணுதான். ஐயர் மக. ஐயர் மக மரத்துல ஏறக் கூடாது. ஐயர் மக கணக்குல 38 வாங்கக் கூடாது. ஓய்வுநாள் பாடசாலைப் பரீட்சையில ஐயர் மக முதல்ல வரலைன்னா அன்னைக்கு அம்மா சபை வாசல்ல நின்னு பதில் சொல்லணும். வந்துட்டாலோ, 'அவளுக்கென்ன, வீட்லயே கேள்வித்தாள் இருக்கும்'னு பேச்சு.

16 வயசுல ஆர்மோனியம் கைக்கு வந்தது. நாங்க அப்ப இருந்த ஊர்ல வாசிச்சிட்டிருந்த பெரியவர் தவறிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இல்ல. பெட்டியில சும்மா தட்டிப் பழகினவதான் நான். அப்பா கூப்பிட்டு உட்கார வச்சிட்டார். கால் ஆர்மோனியம். துருத்தியை எலி கடிச்சிருந்ததால சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியிருந்தாங்க. ரெண்டு காலாலயும் மிதிச்சு மூச்சு குடுத்துட்டே வாசிக்கணும். ஆராதனை முடியும்போது பாவாடை முழுக்க வேர்வை. ஆனா அன்னைக்குத்தான் முதல் தடவையா 'ஐயர் மக'ன்னு இல்லாம 'நல்லா வாசிச்சியே'ன்னு ஒருத்தர் சொன்னார். அதைப் பிடிச்சிக்கிட்டேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். இதே சபையில 20 வருஷம். ஞாயிறு ரெண்டு ஆராதனை, கல்யாணம், அடக்கம், லெந்து நாள் கூட்டம், கிறிஸ்மஸ் கேரல், எல்லாத்துக்கும் நான். அதுக்குள்ள கால் ஆர்மோனியம் போய் எலக்ட்ரானிக் கீபோர்டு வந்துட்டு. ஆனா பேர் 'ஆர்மோனிய அக்கா'தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலையில எழும்பினா விரல் மடங்கல. முடக்குவாதம். ஒரு மணி நேரம் வெந்நீர்ல கையை வச்சிருந்தாத்தான் சட்டை பொத்தான் போட முடியுது. வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், மத்த நாள்ல ஃபோலிக் ஆசிட். எட்டு மாசம் வலியோட வாசிச்சுப் பார்த்தேன். ஒரு அடக்க ஆராதனையில பாதிப் பாட்டுல கை நின்னு போச்சு. ஜனங்க பாட்டை முடிச்சிட்டாங்க, என்னால முடிக்க முடியல. அன்னையோட இறங்கிட்டேன்.

சபையில மரியாதையா அனுப்பி வச்சாங்க. பொன்னாடை, சுவர்க்கடிகாரம். கடிகாரத்துல 'ஆர்கனிஸ்ட் சகோதரிக்கு அன்புடன்'னு பொறிச்சிருந்தது. பேர் இல்ல. ஆள் மாறினாலும் அதே கடிகாரத்தைக் குடுத்துடலாம் போல.

இப்ப ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுல உட்கார்றேன். கையை எங்க வைக்கன்னு தெரியல. 20 வருஷமா நான் பீடத்தை நேரா பார்த்ததே இல்ல. ஐயர் எழும்புறாரா, ஜெபம் முடியுதான்னு பார்க்க ஆர்மோனியத்து மேல ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருப்பேன், அதுலதான் எல்லாம் தெரியும். நற்கருணைகூட இடம் வலம் மாறித்தான் தெரியும். இப்ப நேரா பார்த்தா வேற யாரோட கோவிலுக்கோ வந்த மாதிரி இருக்கு.

போன மாசம் ஒரு தியானக் கூட்டம். வந்தவர் சொன்னார்: "உங்க அடையாளம் உங்க வேலையில இல்ல, உங்க திறமையில இல்ல, கிறிஸ்துவுக்குள்ள இருக்கு, கிருபையில இருக்கு." எல்லாரும் ஆமென். நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா கோபம் வருது. அவர் அதைச் சொன்னது அவர் படம் போட்ட பத்தடி பேனருக்குக் கீழ நின்னு. மைக் பிடிச்ச கைக்கு அதைச் சொல்றது சுலபம்.

என் கேள்வி இதுதான். கிருபையினால நான் யார்னு தெரிஞ்சிக்கிட்டேன்னு சொல்றீங்களே, அது உங்களுக்கு எங்க, எப்ப, எப்படித் தெரிஞ்சது? வசனம் எனக்குத் தெரியும். ஐயர் மக, மறந்துடாதீங்க. வசனம் அனுப்பாதீங்க. நடந்ததைச் சொல்லுங்க.

பி.கு.: என் பேருக்கே கிருபைன்னுதான் அர்த்தம். சிரிச்சிடாதீங்க.

---

ஜெபவீரன்77 எழுதியது:

பிரைஸ் தி லார்ட் சிஸ்டர். 2 கொரிந்தியர் 5:17 வாசித்து தியானிக்கவும். பழையவைகள் ஒழிந்துபோயின!! சவுல் இயேசுவைச் சந்தித்த அன்றே பவுல் ஆனார். பழைய பேர் போச்சு, பழைய ஆள் போச்சு. உங்களுக்கும் புதிய அடையாளம் உண்டு. உங்களுக்காக ஜெபிக்கிறேன். விரல்கள் சுகமாகும். ஆமென்.

---

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி ஜெபவீரன், வசனம் வேண்டாம் என்று அந்த அம்மா கேட்ட பிறகும் முதல் பதிலே வசனம். இருக்கட்டும், நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றைத் திருத்தியாக வேண்டும், வாத்தியார் புத்தி.

தமஸ்கு வழியில் சவுலுக்குப் பெயர் மாறவில்லை. வானத்திலிருந்து வந்த சத்தமே "சவுலே, சவுலே" என்றுதான் கூப்பிட்டது. அதற்குப் பிறகும் அப்போஸ்தலர் நடபடிகளில் நெடுநேரம் அவர் சவுல்தான். 13ஆம் அதிகாரத்தில், சீப்புரு தீவில், "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்று போகிற போக்கில் வருகிறது. வீட்டில் எபிரெயப் பெயர், வெளியில் ரோமப் பெயர். நம் ஊரில் வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று இருப்பதில்லையா, அது போல. அதோடு, கிறிஸ்துவுக்கு முன் தன்னிடம் இருந்த பெருமைகளையெல்லாம் குப்பை என்று பிலிப்பியருக்கு எழுதினவர்தான், ரோமருக்கு எழுதும்போது "நானும் இஸ்ரவேலன், பென்யமீன் கோத்திரத்தான்" என்கிறார். எதையும் அழித்துவிடவில்லை. அதன் மேல் சாய்ந்து நிற்பதைத்தான் விட்டார்.

நம் பக்கத்திலேயே ஒருவர் உண்டு. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைக்காரர், வைணவக் குடும்பம். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்று முன்னால் சேர்த்துக்கொண்டாரே தவிர கிருஷ்ணனை விடவில்லை. கம்பனிடம் கற்ற தமிழையும் விடவில்லை, அதைக்கொண்டே இயேசுவைப் பாடினார்.

'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டனையும் சொல்ல வேண்டும். 1748இல் அட்லாண்டிக் கடலில் கப்பல் மூழ்கும் நிலையில் ஆண்டவரைக் கூப்பிட்டார் என்பது எல்லா மேடையிலும் வரும். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டன் ஆனார் என்பது வராது. 1754இல் அந்தத் தொழிலை விட்டதும் உடல்நலம் கெட்டதால். அடிமை வாணிபத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பது வருடம்.

என் கதை சிறியது. 2011இல் பணி ஓய்வு. மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டு, மாட்டிக்கொண்டு, முற்றத்தில் நின்றேன். எங்கே போவது? என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பால் வாங்கப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாள். அன்று தொடங்கி இன்றுவரை பால் நான்தான் வாங்குகிறேன். இதில் கிருபை எங்கே என்று கேட்டால் என்னால் விரலைச் சுட்டிக் காட்ட முடியாது. ஆனால் அந்தப் பாத்திரத்தை நினைக்காமல் நன்றி ஜெபம் செய்ய வருவதில்லை.

---

கருப்பட்டிக்காப்பி எழுதியது:

ஐயா, பால் பாத்திரத்துக்கு ரொம்ப நன்றி. நான் கேட்டது இதைத்தான்.

நியூட்டன் பாட்டைப் பத்தி ஆர்மோனியக்காரி ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். அவர் அதை எழுதினது 1772 கடைசியில, 1773 புத்தாண்டு ஆராதனைக்கு. இப்ப உலகம் முழுக்கப் பாடுற மெட்டு அந்த வரிகளோட சேர்ந்தது 1835ல, அமெரிக்காவுல ஒரு பாட்டுப் புத்தகத்துல. நியூட்டன் 1807லயே போய்ச் சேர்ந்துட்டார். தன் பாட்டை இந்த மெட்டுல அவர் கேட்டதே இல்ல. 8.6.8.6 அளவு, அதாவது வரிக்கு எத்தனை அசைங்கிற கணக்கு, அந்த அளவுல இருக்கிற எந்த மெட்டுலயும் பாடலாம். சின்ன வயசுல ஒரு தடவை விளையாட்டா மெட்டை மாத்திப் போட்டு அப்பாகிட்ட திட்டு வாங்கியிருக்கேன்.

---

முட்டம்காத்து எழுதியது:

அக்கா, நான் கத்தோலிக்கன். கடற்கரை. உங்க ஆர்மோனியம், சேகரம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா கிருபைங்கிற வார்த்தையை வச்சு ஒரு கதை உண்டு.

நீங்க கிருபைன்னு சொல்றதை நாங்க அருள்னு சொல்லுவோம். 136ஆம் திருப்பாடல் 26 வசனம். உங்க வேதாகமத்துல ஒவ்வொண்ணும் 'அவர் கிருபை என்றுமுள்ளது'ன்னு முடியும். எங்க திருவிவிலியத்துல 'என்றும் உள்ளது அவரது பேரன்பு'. எங்க பங்குச்சாமி சொன்னார், அங்க எபிரேயத்துல இருக்கிறது ஹெசெத்ங்கிற சொல்லு, பவுல் கிரேக்கத்துல எழுதுறது காரிஸ். ரெண்டும் வேற வேற. நீங்க ரெண்டையும் கிருபைங்கிற ஒரே பானையில போட்டுட்டீங்க.

எங்க பாட்டிக்கு இது எதுவும் பிடிக்காது. செபமாலையில இப்ப 'அருள் நிறைந்த மரியே'ன்னு சொல்றோம்லா, பாட்டி கடைசி வரைக்கும் பழையபடி 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே'ன்னுதான் சொல்லும். கோயில்ல எல்லாரும் ஒண்ணு சொல்ல பாட்டி மட்டும் ஒண்ணு சொல்லும், அதுவும் சத்தமா. ஏன் பாட்டின்னு கேட்டேன். "அருளுன்னா சாமியாடுறவனுக்கு வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போயிரும். தண்ணி தெளிச்சா எறங்கிரும். பிரியதத்தம் அப்படியில்ல. பிரியமா குடுத்தது. குடுத்தது குடுத்ததுதான்."

நான் 11 வருஷம் வளைகுடாவுல. எங்க ஊர்த் திருவிழா நோட்டீஸ்ல ஒவ்வொரு நாளும் யார் உபயம்னு பேர் போடுவாங்க. 11 வருஷமும் எட்டாம் திருவிழா என் பேர்ல. கம்பெனி ஆளைக் குறைச்சப்ப நானும் திரும்பி வந்துட்டேன், கையில ஒண்ணும் இல்ல. அந்த வருஷ நோட்டீஸை சுவர்ல ஒட்டினப்ப எட்டாம் நாள்ல வேற பேரு. ஒரு வாரம் வீட்டை விட்டு வெளிய வரல. எல்லாரும் அந்த நோட்டீஸைப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. யாரும் பார்த்திருக்க மாட்டாங்க, இப்பத் தெரியுது.

பாட்டி கேட்டுச்சு, "நோட்டீஸ்ல என் பேரு எந்த வருஷமாவது வந்திருக்கா?" இல்ல பாட்டி. "அப்ப 80 வருஷமா நான் யாரு?"

என்கிட்ட பதில் இல்ல. பாட்டி கருவாட்டைப் புரட்டிப் போடப் போயிருச்சு. எட்டாம் திருவிழா அன்னைக்கு ராத்திரி தேர் பின்னால போனேன். அவ்வளவுதான்.

---

கீழத்தெரு எழுதியது:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. வாத்தியார் ஐயாகிட்ட ஒரு சின்னக் கேள்வி. கிருஷ்ணபிள்ளை கிருஷ்ணனை மட்டுமா வச்சிக்கிட்டார்? 'பிள்ளை'யையும் வச்சிக்கிட்டார்ல?

நட்டாலத்துல 1712ல பிறந்த நீலகண்டன் பிள்ளை 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்தார். லாசருங்கிற பேரைத் தமிழாக்கி தேவசகாயம்னு வச்சாங்க. 1752ல காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. சாதி வித்தியாசம் பார்க்காம எல்லார்கூடயும் பழகினதும் அவர் மேல இருந்த ஆத்திரத்துக்கு ஒரு காரணம்னு சொல்லுவாங்க. அப்படிப்பட்டவர் பேருக்குப் பின்னால 'பிள்ளை' ஒட்டிக்கிட்டே இருந்தது. ஆட்சேபம் எழும்பி, மனு போட்டு, வத்திக்கான் அதை எடுத்தது 2020ல. செத்து 268 வருஷம் கழிச்சு. புனிதர் பட்டம் 2022ல. அவர் ஞானஸ்நானம் எடுத்த அதே வடக்கன்குளத்துல 1872ல கட்டின கோவில் கால்சட்டை மாதிரி, பீடம் ஒண்ணு, ஜனம் உட்கார ரெண்டு பக்கம், நடுவுல தடுப்பு. 1910ல தடுப்பை எடுத்ததும் கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. முட்டம் அண்ணன் கோபப்படக் கூடாது, எங்க சபைக் கதை இதைவிட மோசம், நான் இன்னும் ஆரம்பிக்கல.

அக்கா, உங்களுக்கு அடையாளம் கழன்டு விழுந்தது வலிக்குது. எங்களுக்கு அடையாளம்னா மத்தவன் ஒட்டினது, அது கழலாததுதான் வலி. எங்க தாத்தாவை ஊர்ல மண்ணாங்கட்டின்னுதான் கூப்பிடுவாங்க. திட்டு இல்ல, பேரே அதுதான், நல்ல பேர் வச்சிக்க விட மாட்டாங்க. ஞானஸ்நானத்துல உபதேசியார் ஆசீர்வாதம்னு பேர் வச்சார். தாத்தா நாலெழுத்து படிச்சது அந்தப் பேரை எழுதுறதுக்குத்தான்னு நினைக்கிறேன். மண்வெட்டிக் காம்புல எழுதியிருப்பார். கதவுல ஆணியால கீறியிருப்பார். கலப்பையில, உரல்ல, ஆட்டுக்கல்லுல. எங்க வீட்டு ஆட்டுக்கல்லுல இன்னைக்கும் 'ஆசிர்வாதம்'னு இருக்கு, நெடில் தப்பு. மறுநாளும் வயல்ல அவரை 'ஏலே மண்ணாங்கட்டி'ன்னுதான் கூப்பிட்டாங்க. போனார், வேலை செஞ்சார், வீட்டுக்கு வந்து கதவைத் தடவிப் பார்த்துட்டு உள்ள போவாராம். அப்பா சொல்லியிருக்கார்.

அந்தப் பேருக்கு விலையும் இருந்தது. 1950ல வந்த ஜனாதிபதி ஆணைப்படி இந்து இல்லாதவன் பட்டியல் சாதி இல்ல. 1956ல சீக்கியருக்கும் 1990ல பௌத்தருக்கும் திருத்தினாங்க, கிறிஸ்தவனுக்கு இல்ல. தமிழ்நாட்டுல எங்களைப் பிற்படுத்தப்பட்டோர்ல சேர்த்திருக்கு. கூடப் படிச்ச பெரியப்பா மகனுக்கு உதவித்தொகை வந்தது, எனக்கு வரல. ஒரே தெரு, ஒரே ரத்தம். பேரை மாத்திக்கோ, சர்டிபிகேட் வாங்கிக்கோன்னு சொன்னவங்க உண்டு. அப்பா ஆட்டுக்கல்லைப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டார். எனக்கு அப்ப அப்பா மேல கோபம். இப்ப பாதிக் கோபம்.

போன வருஷம் ஒரு வேலையா தாத்தாவோட ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் போனேன். தொழில்னு போட்ட கட்டத்துல 'கூலி'. பேர்க் கட்டத்துல வெறும் பேர். ஞானஸ்நானத்துல இனிஷியல் சொல்றதில்ல, கவனிச்சிருக்கீங்களா? சாதி இல்ல, பட்டம் இல்ல, அப்பன் பேர்கூட பக்கத்துக் கட்டத்துலதான். நீங்களும் உங்க பதிவைப் போய்ப் பாருங்க அக்கா. ஆர்மோனியம் வர்றதுக்கு முன்னால எழுதினது அது.

கடைசியா ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சபையில கல்லறைத் தோட்டம் ஒண்ணா ரெண்டா?

---

கருப்பட்டிக்காப்பி எழுதியது:

தம்பி, ஒண்ணுதான். ஆனா நடுவுல வேலி போட்டிருந்த கல்லுங்க இன்னும் நிக்குது. அந்தப் பக்கத்து அடக்கத்துக்கும் நான் வாசிச்சிருக்கேன். கல்லைப் பத்தி நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல. நீங்க கேட்ட பிறகு தூக்கம் வரல. வேற என்ன சொல்லன்னு தெரியல.

---

அடுப்படி எழுதியது:

ஏம்மா, நீ கேக்குறதைப் பார்த்தா கிருபையைப் பத்திக் கேக்குற மாதிரி தெரியல. துக்கத்துல கேக்குறே. 27 வருஷமா இருந்தது போனா அழத்தான் செய்யணும். முதல்ல அழு. பொன்னாடை போர்த்தின அன்னைக்குச் சிரிச்சிருப்பே, ஐயர் மகல்லா.

எனக்கு ஒரு மகன். 27 வயசு. பேச்சு இல்ல. பிறக்கும்போது மூச்சு முட்டிப்போச்சு, அதுல வந்தது. சோறு ஊட்டணும். அவன் யார்னு கேட்டா என்ன சொல்லுவே? வேலை இல்ல, படிப்பு இல்ல. தன் பேரைச் சொல்லத் தெரியாது. 'தேவதூதன்'னு சொல்லிட்டுப் போவாங்க சில பேரு, எனக்கு எரிச்சலா வரும். தூதனும் இல்ல ஒண்ணும் இல்ல, பிடிவாதக்காரன். பருப்புல உப்பு குறைஞ்சா துப்பிடுவான்.

அவனுக்குத் திடப்படுத்தல் குடுக்கணும்னு கேட்டேன், பிஷப் தலையில கை வச்சு ஜெபிக்கிற சடங்கு. பதில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எப்படிம்மான்னு ஒருத்தர் இழுத்தார். எங்க ஐயர் நல்ல மனுஷன், பிஷப் வந்தப்போ வரிசையில நிறுத்திட்டார். முன்னால இருந்த பிள்ளைங்க எல்லாம் விசுவாசப்பிரமாணம் மனப்பாடம், பத்துக் கற்பனை மனப்பாடம். இவன் வாயில எச்சில் வடிய நின்னான். நான் பிடிச்சிருந்தேன். பிஷப் அவன் தலையில கையை வச்சு அவன் பேரைச் சொன்னார். முன்னால நின்ன பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கை வச்சாரோ அதே நேரம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்தக் கூட இல்லாததுதான் என்னை அடிச்சிட்டு. பரிதாபப்பட்டு ரெண்டு வார்த்தை அதிகமா சொல்லியிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு ஊட்டும்போது நினைச்சேன். நான் 'அவனைப் பார்த்துக்கிற அம்மா'ன்னு ஒரு பேர் வாங்கி வச்சிருக்கேன் ஊர்ல. தியாகின்னு ஒரு பேர். அவன் ஒண்ணும் செய்யாம வாங்கினதை நான் இவ்வளவு செஞ்சு வாங்கப் பார்த்திருக்கேன். நீ ஆர்மோனியத்துல செஞ்சது அதேதான்னு தோணுது. தப்பா இருந்தா ஏசு, பரவாயில்ல.

அதுக்காக நீ வாசிச்சது வீண்னு சொல்லல. வாசிச்சதும் கிருபைதான், வாசிக்காததும் கிருபைதான். நீ வசனம் வேண்டாம்னுட்டே, விட்டுடுதேன்.

ஒண்ணு கேக்கேன். ஆர்மோனியம் வாசிக்கிறவ பாடுவாளா? எங்க சபையில வாசிக்கிற தம்பி வாயே திறக்க மாட்டான்.

---

கருப்பட்டிக்காப்பி எழுதியது:

ஒரு மாசம் கழிச்சு வாரேன், மன்னிச்சிக்கோங்க.

அடுப்படி அக்கா, உங்களை ஏசல. ரெண்டு நாள் கோபமா இருந்தேன், மூணாம் நாள் அழுதேன், நீங்க சொன்ன மாதிரியே.

கீழத்தெரு தம்பி, போனேன். அப்பா அப்ப வேலை பார்த்த சேகரம், இங்க இருந்து ரெண்டு பஸ். 1982 பதிவேடு. அட்டை கரையான் அரிச்சிருக்கு, உள்ள நல்லா இருக்கு. ஞானஸ்நானம் குடுத்தவர் கையெழுத்து அப்பாவோடது. தகப்பன் தொழில் 'குருவானவர்', அதுவும் அப்பா கையெழுத்து. என் பேர்க் கட்டத்துல பேருக்குப் பக்கத்துல ஒரு மைக்கறை, பயறு அளவுக்கு. போன்ல படம் எடுத்து அப்பாகிட்ட காட்டினேன். அப்பாவுக்கு இப்ப 78, நேத்து சாப்பிட்டது மறந்துடும். இதைப் பார்த்ததும் "அந்தப் பேனா ஒழுகும், உன் பேரை எழுதும்போது கை நடுங்கிச்சு, அப்படியே ஊன்றிட்டேன்"னார். ஏன்ப்பா நடுங்கிச்சுன்னு கேட்டேன். பதில் சொல்லல, படத்தைப் பெருசாக்கித் தாங்கன்னு கேட்டார்.

கல்லுங்க விஷயத்தைச் சபைக் கமிட்டியில எழுதிக் குடுத்திருக்கேன். ஐயர் மகளுக்கு இது எதுக்குன்னு ஒருத்தர் கேட்டாராம். பதில் இன்னும் வரல.

இப்ப அக்கா கேட்ட கேள்விக்கு வாரேன். இல்ல, பாடினதில்ல. 27 வருஷத்துல ஒரு பாட்டைக்கூட வாயைத் திறந்து முழுசா பாடினதில்ல. கண் சுரத்துல, கால் மிதியில, காது ஜனங்க எங்க இழுக்கிறாங்கங்கிறதுல. பாட்டோட நாலு குரலும் விரல்ல இருக்கு, வார்த்தை ஒண்ணும் இல்ல. இதை நீங்க கேட்கிற வரைக்கும் எனக்கே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்தை விட்டுட்டு இடது பக்கம் தூண்கிட்ட போய் உட்கார்ந்தேன். பக்கத்துல ஒரு பாட்டி. எனக்கு அவங்களை நல்லாத் தெரியும், அவங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கு வாசிச்சதே நான்தான். அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "புதுசா வந்திருக்கியாம்மா?"ன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான். 20 வருஷமா அவங்க பார்த்தது என் முதுகை.

"பேரு என்ன?"ன்னாங்க. சொன்னேன். பேர் மட்டும் சொன்னேன். "நல்ல பேரு"ன்னுட்டு, "எனக்குப் புத்தகம் தெரியல, நீ கொஞ்சம் சத்தமா பாடு, நான் கேட்டுப் பாடுதேன்"னாங்க.

பாடினேன். முதல் சரணம் எப்படியோ ஒப்பேத்திட்டேன். கீபோர்டு தம்பி மூணாம் சரணத்துல ஓட ஆரம்பிச்சிட்டான், பழக்கத்துல என் கால் தரையை மிதிச்சு அவனைப் பிடிச்சு இழுக்கப் பார்த்துச்சு. வார்த்தையை விட்டுட்டேன், பாட்டியும் நின்னுட்டாங்க. எழுத்து அவ்வளவு பொடிசு.

இந்த வாரம் மறக்காம வாசிக்கிற கண்ணாடியைக் கொண்டு போகணும்.